ஆனந்தமேரியின் ஒருசந்தி

அத்தியாயம் 12

பாடக் குறிப்பேட்டின் பின்னட்டைக்குள் அந்தக் காகிதம் ஒன்பது நாளாக இருக்கிறது.

மதுரையில் ஆசிரியர் கூட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஆனந்தமேரி டீச்சர் தனியாகப் போய் வாங்கி வந்த காகிதம். "உணவுக்குழாயில கட்டிம்மா. உடனே ஆபரேஷன் பண்ணணும். பத்து நாள் கூடத் தள்ளாதீங்க" என்று டாக்டர் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் விரல்விட்டு எண்ணினாள். மூத்த மகள் கிளாராவின் கல்யாணத்துக்கு இருபத்தைந்து நாள் இருந்தது. சின்னாளபட்டி வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள். கல்யாணம் முடியட்டும்.

தள்ளிப்போட முடியாத கல்யாணம் அது. மாப்பிள்ளை ஆண்டனிராஜுக்கு மஸ்கட்டில் வேலை. பிப்ரவரி இருபதாம் தேதி விமானம். பதின்மூன்றாம் தேதியே விபூதிப் புதன் வந்துவிடும். அதற்குப் பிறகு ஈஸ்டர் வரை தவக்காலம், கோயிலில் கல்யாணம் கிடையாது. இப்போது விட்டால் அவனுக்கு அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்துத்தான். கிளாராவுக்கு இப்போதே இருபத்தெட்டு வயது.

இன்னொரு பயமும் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணம் முடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து தெரிவிக்கவும் என்று. நாலு வருஷத்துக்கு முன்னால் கிளாராவுக்கு வேறொரு இடம் பேசி, இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறுக்குள் அந்தப் பையன் சென்னையில் யாரையோ ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டான். அன்று சாமியார் கையிலிருந்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார். கோயிலே திரும்பிப் பார்த்தது. கிளாரா மட்டும் பீடத்து மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

இந்த முறையும் இரண்டு ஓலை முடிந்துவிட்டது. மூன்றாவது நாளைக்கு.

சாப்பாடு இறங்காததற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. "அந்தோணியாருக்கு ஒருசந்தி நேர்ந்திருக்கேன். கல்யாணம் முடியுற வரைக்கும் ஒருவேளைதான். அதுவும் கஞ்சி" என்று சொல்லிவிட்டாள். வீடு நம்பியது. "டீச்சருக்கு அம்புட்டு பக்தி" என்று அவர்கள் ஊரான ரெட்டியார்சத்திரம் முழுவதும் பேசினார்கள். அவள் இளைத்ததைக் கூட மெச்சினார்கள்.

அந்தச் சனிக்கிழமை குடியரசு நாள். காலையில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு, பிள்ளைகளோடு சேர்த்துத் தனக்கும் கொடுத்த ஆரஞ்சு மிட்டாயை வாயில் வைத்துக் கரைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தபோது, வாசலில் வாடகைக் கார் நின்றது.

"சீக்கிரம் கெளம்பு மேரி. சம்பந்தி வீட்ல பன்னெண்டரைக்கே வந்திருவாங்க" என்றார் அவள் கணவர் கஸ்பார். உரக்கடையை அரைநாள் அடைத்துவிட்டு, சலவைச் சட்டை போட்டு, கழுத்துக்குப் பவுடர் அடித்திருந்தார்.

திண்டுக்கல் பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்த ஓட்டல் அது. மாடியில் ஏ.சி. போட்ட சாப்பாட்டுக் கூடம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மலைக்கோட்டை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. உள்ளே ஜனவரியைவிடக் குளிர். வெள்ளை விரிப்பின் மேல், ஒவ்வொரு தட்டிலும் படகு போல மடித்த துணி.

ஆண்டனிராஜ் மஸ்கட்டில் பெரிய ஓட்டல் ஒன்றின் சமையலறையில் இருப்பவன். இங்கே தலைமைச் சமையல்காரர் அவனோடு கேட்டரிங் படித்தவர். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஐந்து வகைகளை அவனே எழுதிக் கொடுத்து ஏற்பாடு செய்திருந்தான். கெட்டி அட்டையில் அச்சடித்து ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். மேலே தங்க எழுத்தில் கிளாரா, ஆண்டனிராஜ்.

கஸ்பார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "சூப்பு, ரொட்டி, மீனு, மட்டனு, புட்டிங்கு. ஏன் மாப்பிள்ள, சோறு எங்க?"

"சோறு கெடையாது மாமா. இது செட் மெனு."

"திண்டுக்கல்லுல உக்காந்துக்கிட்டு பிரியாணி இல்லாம விருந்தா. வெளிய தெரிஞ்சா ரேஷன் கார்ட புடுங்கிருவாங்கப்பா."

மேசை சிரித்தது. கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் சின்னவள் அனிஷா, அப்பாவின் கையிலிருந்த கரண்டியை மாற்றினாள். "வெளியில இருக்கறத மொதல்ல எடுக்கணும்பா. அப்படியே உள்ள வரணும்."

"இவளுக்கு எப்படித் தெரியும்?" என்றார் எதிரே இருந்த அருள்நாதன் சாமியார்.

"இங்கிலீஷ் நாவல்ல வெள்ளைக்காரங்க சாப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க சாமி. நாலு பக்கம் தள்ளினாலும் அதே சாப்பாடு ஓடும்" என்றாள். சாமியார் மாப்பிள்ளையின் சித்தப்பா. அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா பிரான்சிஸ். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆனவர். மனைவியை இழந்து ஏழு வருஷம். வந்ததிலிருந்து நாலு வார்த்தைதான் பேசியிருந்தார்.

ஆனந்தமேரி அட்டையைக் கீழே வைத்தாள். "இதுல வேண்டியத மட்டும் வாங்கிக்கலாமா தம்பி?"

"அப்படி இல்ல அத்தை. ஏழு பேருக்கும் ஒண்ணுபோல வரும். ஒரு தட்ட எல்லாரும் முடிச்சாத்தான் எடுப்பாங்க. எடுத்தாத்தான் அடுத்தது. அதுதான் இதுல முறை."

"நான் சூப்பு மட்டும் குடிச்சுக்கிறேன். ஒருசந்தி இருக்கேன்ல."

ஆண்டனிராஜ் தலையை ஆட்டினான். ஆனால் அவன் முகம் சுருங்கியது. கிளாரா அம்மாவைப் பார்த்தாள், இன்றைக்குக் கூடவா என்பது போல. அருள்நாதன் சாமியார் அதைக் கவனித்துவிட்டார்.

"டீச்சர், நேர்த்திக்கு விலக்கு குடுக்கற அதிகாரம் யாருக்கு இருக்கு?"

"உங்களுக்குத்தான் சாமி."

"அப்பச் சரி. இன்னைக்கு ஒரு நாள் உங்க ஒருசந்திக்கு நான் விலக்கு குடுக்கிறேன். ஆண்டவரே கல்யாண வீட்ல விருந்து சாப்பிட்டவருதான். அந்தோணியாருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்." விளையாட்டும் உண்மையுமாக அவளை நோக்கிச் சிலுவை வரைந்தார்.

கிளாரா கை தட்டினாள். "அப்பாடா" என்றார் கஸ்பார். "ஒம்பது நாளா இவ முன்னாடி உக்காந்து கறி திங்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு சாமி."

ஒளிந்துகொள்ள அவளுக்கு இருந்தது ஒரே ஒரு கதவு. அதை இவ்வளவு அன்பாகத் திறந்துவிட்டார்கள்.

சூப் இறங்கிவிட்டது. காளான் சூப், இளஞ்சூடு. சின்னச் சின்னக் கரண்டியாகக் குடித்தாள்.

பிறகு ரொட்டி வந்தது. உள்ளங்கை அளவு உருண்டை. அனிஷா வெண்ணெய் தடவி நீட்டினாள். ரொட்டியைப் பார்த்ததும் ஆனந்தமேரிக்குப் போன ஞாயிறு நினைவு வந்தது. பூசையில் சாமியாரிடம் நன்மை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தபோது, காகிதம் போன்ற அந்த அப்பம் கூட நெஞ்சுக்குள் நின்றுகொண்டது. முழந்தாளிட்டு, நாக்கிலேயே வைத்திருந்து கரைத்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள், டீச்சர் உருகி ஜெபிக்கிறாள் என்று நினைத்தார்கள்.

பரிமாறுபவர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறு தட்டு காலி. அவளுடைய தட்டுக்காக ஒரு மேசை முழுவதும் காத்திருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. அதுதான் பெரிய அவசரமாக இருந்தது. கஸ்பார் ஏதோ சொல்ல, எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். ஆனந்தமேரி ரொட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டாள். தட்டு போயிற்று.

மீன் வந்தது. முள் நீக்கி, வெள்ளைக் குழம்பு ஊற்றி, மேலே எலுமிச்சை வில்லை.

"இது நானே சொல்லிச் செய்யச் சொன்னது அத்தை" என்றான் ஆண்டனிராஜ். "எங்க அம்மாவுக்கு மீனுன்னா ரொம்பப் பிடிக்கும். நீங்க சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லணும்."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தாள். கூழாகும்வரை மென்றாள். விழுங்கினாள்.

அது இறங்கவில்லை. மார்பு எலும்புக்குப் பின்னால் ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டது. முகவாயைச் சற்று உயர்த்தி, இடது பக்கம் சாய்ந்து, காறை எலும்புக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்தினாள். இப்படிச் செய்தால் சில நேரம் வழி விடும். சிரிப்பை மட்டும் முகத்திலிருந்து இறக்கவில்லை. கண்ணில் நீர் கட்டி வழிந்தது.

"நல்லா இருக்கு தம்பி" என்றாள், சத்தம் வந்ததும்.

"மொளகாயே போடாத வெஞ்சனத்துக்கு யாராச்சும் கண் கலங்குவாங்களா?" என்றார் கஸ்பார்.

"சும்மா இருங்கப்பா." கிளாரா அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, இப்பவே அழ ஆரம்பிச்சா எப்படி? நான் என்ன நாளைக்கேவா போறேன்?" எழுந்து வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுத்தி, அன்போடு, வலிக்கும் அதே இடத்தில். சாமியார் மேல்நோக்கிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகளை அனுப்பும் தாயின் கண்ணீர் என்று அந்த மேசை முழுவதும் நெகிழ்ந்தது.

ஒருவர் மட்டும் நெகிழவில்லை. பிரான்சிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆனந்தமேரியின் இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பரிமாறுபவரைக் கூப்பிட்டார். "தம்பி, அம்மாவுக்கு வெந்நி குடுப்பா. சூடு ஆத்தி."

வெந்நீர் வந்தது. இரண்டு மிடறு. உள்ளே அந்தக் கை பிடியை விட்டது. மிச்ச மீனைக் குழம்பில் மசித்து, சூப் போலக் கரண்டியால் குடித்து முடித்தாள்.

நாலாவது தட்டில் மட்டன் ரோஸ்ட். மூன்று துண்டு, கூடவே முழு உருளைக்கிழங்கு. இதை மசிக்க முடியாது. கைப்பையில் இடமில்லை. எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிரான்சிஸ் வழக்கத்தைவிட வேகமாகச் சாப்பிட்டார். ஐந்து நிமிஷத்தில் அவர் தட்டு துடைத்தது போல் இருந்தது.

அப்போது சமையலறைக் கதவு திறந்து, ஆண்டனிராஜின் சிநேகிதர் உயரமான வெள்ளைத் தொப்பியோடு வந்தார். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். கை குலுக்கல், அறிமுகம், சிரிப்பு.

ஆனந்தமேரியின் முன்னாலிருந்த தட்டு நகர்ந்தது. அந்த இடத்தில் ஒரு காலித் தட்டு வந்து உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பிரான்சிஸ் அவளுடைய தட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல மட்டனை வெட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது மேசை அவருக்காகக் காத்திருந்தது.

"என்ன அண்ணே, இன்னுமா சாப்பிடுறீங்க?" என்றார் சாமியார்.

"பல்லு இல்லடா."

"பல்லு இல்லாதவரு எலும்பையும் விடலையே."

"நீ ஜெபமாலை சொல்லிக்கிட்டு இரு. செத்த நேரத்துல முடிச்சிருவேன்."

அறுபத்தைந்து வயது மனிதர், குனிந்த தலை நிமிராமல், இரண்டாவது தட்டையும் முழுக்கச் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் இடையில் நின்று மூச்சு வாங்கினார். ஆனந்தமேரி அவர் பக்கமே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பாள். இந்த முறை அதற்கு யாரிடமும் காரணம் இருந்திருக்காது.

புட்டிங் வழுக்கிக்கொண்டு இறங்கியது. முழுவதும் சாப்பிட்டாள். "அத்தைக்கு இதுதான் பிடிச்சிருக்கு" என்று ஆண்டனிராஜ் மலர்ந்தான்.

போட்டோ எடுக்க எல்லாரும் கண்ணாடிச் சுவரோரம் போனபோது, அவள் கை கழுவப் போனாள். திரும்பினால் பிரான்சிஸ் நின்றிருந்தார்.

"எத்தன நாளா தங்கச்சி?"

"என்னது அண்ணே?"

"என் வீட்டுக்காரியும் இப்படித்தான் ரெண்டு விரல வச்சு அமுக்குவா. இடது பக்கமாத்தான் சாய்வா." குழாயைத் திறந்து கை நனைத்தார். தண்ணீர் ஓடும் சத்தத்தில் பேசினார். "டாக்டர்ட்ட போனீங்களா?"

பொய் ஒன்று வாய்வரை வந்தது. இரண்டு தட்டு சாப்பிட்ட மனிதரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. தலையாட்டினாள்.

"கஸ்பாருக்கு?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது. அண்ணே, நாளைக்கு மூணாம் ஓலை. பதினாறு நாள்தான். கல்யாணத்துக்கு மறுநாளே ஆஸ்பத்திரில போய்ப் படுத்துக்கிறேன். உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன், கல்யாணத்த நிப்பாட்டிராதீங்க."

"யாரு நிப்பாட்டப் போறா?" அவருக்குக் கோபம் வந்தது போல இருந்தது. பிறகு அது கோபம் இல்லை என்று தெரிந்தது. "ஆண்டனி கேட்டரிங்ல கடைசிப் பரீட்சை எழுதிக்கிட்டு இருந்தான். முடியட்டும்னு அவ வாயத் தொறக்கல. முடிஞ்ச அன்னைக்குத்தான் சொன்னா. மூணு மாசம் முந்தி வந்திருக்கக் கூடாதான்னு டாக்டர் கேட்டாரு. அந்த மூணு மாசத்த என் மகன் இன்னைக்கு வரைக்கும் சொமக்கிறான். மீன் சமைக்கறப்பல்லாம் சொமக்கிறான். உங்க மகளுக்கும் அப்படி ஒண்ணக் குடுக்கப் போறீங்களா?"

ஆனந்தமேரி கழுவிய கையை மறுபடி குழாயடியில் நீட்டினாள்.

"நாளைக்குப் பூசைக்கு முன்னாடி கஸ்பார்ட்ட சொல்லிருங்க தங்கச்சி. நீங்க சொல்லலன்னா ஓலை வாசிக்கிறதுக்குள்ள நான் சொல்லிருவேன்." குழாயை மூடினார். "ஓலை நிக்காது. அதுக்கு நானாச்சு."

கண்ணாடிச் சுவரோரத்திலிருந்து கிளாரா கூப்பிட்டாள். "அம்மா, எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறோம்."

திரும்பும் காரில் கஸ்பார் முன்சீட்டில் இருந்தார், வழக்கத்துக்கு மாறாக வாய் மூடி. அனிஷா தலைவாரச் சீப்பு தேடி அம்மாவின் கைப்பையைத் திறந்தாள். கை உள்ளேயே நின்றது. கைக்குட்டையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். ரொட்டி. தான் தடவிக் கொடுத்த வெண்ணெயோடு, கடிபடாமல் அப்படியே. அனிஷா அம்மாவைப் பார்த்தாள். ஆனந்தமேரி வெளியே பார்த்தாள். அனிஷா பையின் ஜிப்பை மெதுவாக, பல் பல்லாக, மூடினாள். சீப்பு வேண்டும் என்று பிறகு கேட்கவில்லை.

ஏழு மணிக்கு வீட்டில் ஜெபமாலை முடிந்தது. ஆனந்தமேரி இரண்டாவது பத்திலேயே மணிகளின் எண்ணிக்கையைத் தவறவிட்டிருந்தாள். பிள்ளைகள் உள்ளறைக்குப் போனார்கள். அவள் அடுப்படிக்குப் போனபோது, மேசையில் இரண்டு கிண்ணம் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. கஸ்பார் தாமே காய்ச்சியிருக்கிறார். மேலெல்லாம் ஆடை படிந்து, கட்டி கட்டியாக.

"யாருக்குங்க ரெண்டு?"

"உக்காரு." அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். "அங்க நீ அழுதப்ப நான் கேலி பண்ணிட்டேன். கார்ல வர்றப்பத்தான் ஒறச்சுச்சு. ஒம்பது நாளு வயித்தக் கட்டிக்கிட்டு இருந்தவ. சாமியார் விலக்கு குடுத்தாலும், உன் மனசுக்கு அது முறிஞ்சதுதான. எங்க சந்தோசத்துக்காகத் தின்ன. அதான் அழுத. எனக்குப் புரியாம இல்ல மேரி."

"அதில்லங்க."

"இரு. முறிஞ்ச நாளுக்கு ஈடா நானும் இன்னையிலருந்து ஒருசந்தி. கல்யாணம் வரைக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தா அந்தோணியாரு கோவிச்சுக்க மாட்டாரு." கரண்டியை எடுத்தார். கட்டியை நசுக்கினார். பிரியாணி இல்லாமல் ஒரு ஞாயிறும் தாண்டாதவர். பத்து உர மூட்டையைத் தூக்கி இறக்கிவிட்டு வந்து சட்டி காலியாகும்வரை சாப்பிடுகிறவர். "பதினாறு நாள் என்ன, கண்ண மூடித் தொறந்தா ஓடிரும்."

முதல் கரண்டி அவர் உதட்டுக்கு அருகில் போயிருந்தது.

"அதக் குடிக்காதீங்க."

"ஏன், உப்புப் போடலையா?"

"கீழ வைங்க. நீங்க பட்டினி கெடக்க வேண்டாம்."

"நீ கெடக்கிறப்ப?"

ஆனந்தமேரி எழுந்து போய், ஆணியில் தொங்கிய பள்ளிக்கூடப் பையிலிருந்து பாடக் குறிப்பேட்டை எடுத்து வந்தாள். கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பின்னட்டையிலிருந்து காகிதத்தை உருவி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நான் ஒருசந்தி இருக்கலங்க" என்றாள். "ஒரு நாள் கூட இருக்கல."

கஸ்பார் புரியாமல் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். உள்ளறையிலிருந்து கிளாராவின் குரல் வந்தது, பாட்டு முணுமுணுப்புக்கு நடுவில்: "அம்மா, நாளைக்கு ஓலைக்கு நான் எந்தச் சேல கட்ட? பச்சையா, மாம்பழக் கலரா?"

கஸ்பார் காகிதத்தைக் கையில் எடுத்தார்.

அவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார். இல்லை. மேசையில் தடவினார். அங்கேயும் இல்லை. அது ஜெபமாலைக்குப் பக்கத்தில், மாதா படத்தின் கீழே இருப்பது அவளுக்குத் தெரியும். போய் எடுத்து, முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்து, அவர் கையில் கொடுத்தாள்.